மழையும் மின்மிதிவண்டியும்

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது ஒருநாள் பிற்பகல் வகுப்பு முடியும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளி வாசலில் பெற்றோரை எதிர்பார்த்து நின்ற பிள்ளைகளோடு நானும் ஒதுங்கி நின்றேன். எதிர்ச்சாலையில், உணவுப் பெட்டியை முதுகில் சுமந்த இளைஞர் ஒருவர் மின்சார மிதிவண்டியில் அந்தப் பெருமழைக்குள் புகுந்து போனார். என் அருகில் நின்ற ஐந்தாம் வகுப்பு மாணவன் அடுத்தடுத்து இரண்டு வினாக்களைக் கேட்டான். "மின்சார வண்டி மழையில் நனைந்தால் ஷாக் அடிக்காதா, ஐயா?" என்பது முதல் வினா. "அந்த அண்ணன் ஏன் மழை விடும்வரை நிற்கவில்லை?" என்பது இரண்டாவது.

முதல் வினாவுக்கு அறிவியல் ஆசிரியரிடம் விடை இருக்கிறது. இரண்டாவது வினா வரலாற்றைச் சேர்ந்தது. அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அதன்பின் நூல்களைப் புரட்டியபோது, இருசக்கர வண்டிக்கும் வானிலைக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதைவிடப் பழையது என்று கண்டேன். மின்சார மோட்டார் அவ்வுறவை எந்த அளவுக்கு மாற்றியது, எதை மாற்றாமல் விட்டது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

எரிமலையும் ஈருருளியும்

1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நமக்கு அண்மையிலுள்ள சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. ஏப்ரல் 5ஆம் நாள் தொடங்கிய முழக்கம் 10ஆம் நாள் உச்சத்தை எட்டியது. அப்போது ஜாவாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர், நான்கு ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூருக்கு வந்த அதே ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ்தான். வெடியோசையைப் பீரங்கி முழக்கம் என்று எண்ணி யோக்யகர்த்தாவிலிருந்து படை புறப்பட்டது. கப்பல் எதுவோ ஆபத்தில் இருக்கிறது என்று கருதிக் கடலோரத்தில் படகுகள் தேடப் போயின. சுமத்திரா வரை அவ்வோசை கேட்டது. தம் அதிகாரிகளிடமிருந்து ராஃபிள்ஸ் திரட்டிய செய்திகளே அவ்வெடிப்பைப் பற்றிய முதன்மையான சான்றுகளாக இன்றும் விளங்குகின்றன.

வானில் ஏறிய கந்தகத் துகள்கள் உலகைச் சுற்றிப் பரவிக் கதிரவன் ஒளியை மங்கச் செய்தன. மறு ஆண்டாகிய 1816 ஐரோப்பாவில் 'கோடை இல்லாத ஆண்டு' என்று பெயர்பெற்றது. தென்ஜெர்மனியில் ஓயாத மழையாலும் குளிராலும் பயிர் அழிந்தது. மக்கள் பசியால் வாடினர். குதிரைகளின் தீவனமாகிய ஓட்ஸ் தானியத்தின் விலை ஏறியது. அடுத்த ஆண்டு, 1817 ஜூன் 12ஆம் நாள், பாடன் நாட்டைச் சேர்ந்த வன அதிகாரி கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தாலான இருசக்கர வண்டி ஒன்றில் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உதைத்து, மான்ஹைம் நகரிலிருந்து சுவெட்சிங்கன் செல்லும் சாலையில் ஓட்டிக் காட்டினார். இன்றைய மிதிவண்டிகள் எல்லாவற்றுக்கும் அதுவே மூதாதை.

தம்போரா வெடித்ததால்தான் மிதிவண்டி பிறந்தது என்பர் சில அறிஞர். ஜெர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ் எர்ஹார்ட் லெஸ்ஸிங் அவர்களுள் முதன்மையானவர். குதிரைக்குத் தீவனம் கிடைக்காத காலத்தில் குதிரையில்லா வண்டி தேவைப்பட்டது என்பது அவர் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் டிரைஸ் 1813ஆம் ஆண்டிலேயே, அதாவது எரிமலை வெடிப்பதற்கு முன்னரே, மனிதரே இயக்கும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்துவிட்டார். போர்க்காலத்தில் குதிரையும் தீவனமும் அரிதாகும்போது இது உதவும் என்று அப்போதே எழுதியும் இருக்கிறார். எனவே எண்ணம் முன்பே இருந்தது. 1816ஆம் ஆண்டின் பஞ்சம் அதற்கு அவசரத்தைக் கொடுத்திருக்கலாம் என்ற அளவில் நிற்பதே முறை என்பது என் கருத்து.

எரிமலைக் கதையைவிட உறுதியான சான்று டிரைஸ் தம் வண்டிக்கு எழுதிய விளக்கத்திலேயே இருக்கிறது. 1819இல் இலண்டனில் வெளியான ஆங்கில வடிவத்தின்படி, சமவெளியில் கனமழை பெய்தபின்னும் வண்டி மணிக்கு 6 அல்லது 7 மைல் போகும். சாலை காய்ந்து இறுகியிருந்தால் 8 அல்லது 9 மைல் போகும். உலகின் முதல் ஈருருளியைப் பற்றிய முதல் அறிக்கையிலேயே மழைக்கு ஒரு கணக்கும் வெயிலுக்கு ஒரு கணக்கும் உள்ளன! கண்டுபிடித்தவர் வானிலையை மறைக்கவில்லை. மழை தம் வேகத்தில் நான்கில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று எண்ணிட்டுச் சொன்னார். இன்று வண்டி விற்பவர்களிடம் இந்த நேர்மையைக் காண்பது அரிது.

மழை இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. வண்டிச் சாலைகள் சேறும் சகதியும் சக்கரத் தடங்களுமாய்க் கிடந்தமையால், ஓட்டுநர்கள் நடைபாதையில் ஏறினர். நடப்பவர்கள் முறையிட்டனர். 1819ஆம் ஆண்டிலேயே இலண்டனிலும் நியூயார்க்கிலும் இவ்வண்டிகளை நடைபாதையிலிருந்து விரட்டினர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 2019 நவம்பர் 5ஆம் நாள் முதல், சிங்கப்பூர் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தபோது நம்மிற் பலர் அதைப் புதிய செய்தி என்று நினைத்தோம்.

இங்கே தமிழாசிரியர்களுக்கு ஒரு சொல். டிரைஸின் வண்டிக்கு மிதி கிடையாது. ஆகையால் அதை 'மிதிவண்டி' என்பது பிழை, 'ஈருருளி' என்பதே பொருந்தும். மிதி வந்தது 1860களில், பாரிஸில். மாறாக, இன்றைய மின்வண்டிக்கு 'மின்மிதிவண்டி' என்னும் பெயர் மிகப் பொருத்தமானது. ஏனெனில் சிங்கப்பூர்ச் சட்டம் ஏற்கும் வண்டியில் காலால் மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். கைப்பிடியைத் திருகி ஓட்டும் வகைக்கு இசைவு இல்லை. சட்டத்தின் வரையறை முழுவதும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லில் அடங்கிவிடுகிறது.

ஈயமும் திராவகமும்

மின்சாரத்தை வண்டியில் ஏற்றும் முயற்சி நாம் நினைப்பதைவிட முந்தியது. 1859இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே ஈயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு திரும்பத் திரும்ப மின்னூட்டக்கூடிய சேமக்கலத்தை, அதாவது நாம் பேட்டரி என்று வழங்கும் பொருளை, உருவாக்கினார். 1881 ஏப்ரலில் குஸ்தாவ் துருவே என்பவர் பாரிஸ் தெருவில் மூன்று சக்கர வண்டியொன்றை மின்சாரத்தால் ஓட்டினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அயர்ட்டன், பெர்ரி என்னும் இரு பேராசிரியர்கள் மின்விளக்கும் பொருத்திய முச்சக்கர வண்டியை ஓட்டினர். 1895 டிசம்பர் 31ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் இரு சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் குடத்திலேயே மோட்டார். சட்டத்தின் நடுவில் தொங்கும் பேட்டரி. 10 வோல்ட்டு அழுத்தத்தில் 100 ஆம்பியர் வரை மின்னோட்டம். 1897இல் பாஸ்டன் நகரத்து லிப்பி என்பவர் மோட்டாரை மிதியச்சுப் பகுதியில் வைத்தார். இன்று தெருவில் ஓடும் மின்மிதிவண்டிகளைப் பார்த்தால், மோட்டார் ஒன்று சக்கரக் குடத்தில் இருக்கும். அல்லது மிதியச்சில் இருக்கும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வேறு நல்ல இடம் கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்படியானால் இவ்வண்டிகள் ஏன் அன்றே தெருவுக்கு வரவில்லை? பளு ஒரு காரணம். பெட்ரோல் மலிந்தது மற்றொரு காரணம். இவற்றைப் பலரும் சொல்லியிருக்கின்றனர். வானிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஈயப் பேட்டரி குளிருக்கு அஞ்சுவது. திராவகத்தினுள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். நீர் உறையும் நிலையில் அதன் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதற்குக் கீழே 18 பாகை போனால் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். மோட்டாரோ திறந்த நிலையில் சேற்றுக்கும் நீருக்கும் இலக்காகித் துருப்பிடிக்கும். இவற்றைக் கண்டுபிடித்தவர்கள் யாவரும் மழையும் பனியும் உள்ள நாட்டினர். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓடும் வண்டிக்கு யார் பணம் கொடுப்பார்? 1932இல் ஹாலந்தில் பிலிப்ஸ் நிறுவனமும் சிம்பிளெக்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு மின்மிதிவண்டியை விற்பனைக்கு விட்டன, அதுவும் நிலைக்கவில்லை.

மறுபிறப்பு 1993இல் ஜப்பானில் நேர்ந்தது. யமாஹா நிறுவனம் மிதிக்கும் விசையை உணர்ந்து அதற்கேற்ப மோட்டார் துணைபுரியும் வண்டியை வெளியிட்டது. முதலில் அதிலும் இருந்தது ஈயப் பேட்டரிதான். லிதியம் பேட்டரி பின்னரே வந்தது. மிதிப்பவரை ஒதுக்காமல் அவருக்குக் கைகொடுக்கும் இந்த முறையே பிற்காலச் சட்டங்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. ஐரோப்பாவில் 250 வாட்டு, மணிக்கு 25 கி.மீ. என்ற வரம்பு 2002ஆம் ஆண்டுக் கட்டளையில் இடம்பெற்றது. சிங்கப்பூரும் பின்னர் அந்த அளவையே மேற்கொண்டது.

காற்றே மேடாகிய நாடு

ஹாலந்து தட்டையான நாடு. மேடு பள்ளம் இல்லாத ஊரில் மோட்டார் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அங்கே காற்றுத்தான் மேடு. வட கடலிலிருந்து வீசும் காற்றை மறிக்க மலையும் இல்லை, காடும் இல்லை. காற்றின் எதிர்ப்பு, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவரை எதிர்த்து அதே வேகத்தில் காற்று வீசினால், காற்றில்லா நாளைவிட நான்கு மடங்கு எதிர்ப்பை அவர் தாங்க வேண்டும். நல்ல உடல்நலம் உடையவரும் நெடுநேரம் தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 100 வாட்டுத்தான். அறுபது வயதான மூதாட்டி அந்தக் காற்றில் கடைக்குப் போய்த் திரும்புவது எப்படி?

இதற்கு மின்மிதிவண்டி நேரான விடையாயிற்று. 2020ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் விற்பனையான புதிய மிதிவண்டிகளில் பாதி மின்மிதிவண்டிகள். ஆயினும் டச்சுக்காரர்கள் காற்றோடு செய்யும் மற்போரை விட்டுவிட மனமில்லாதவர்கள் போலும். 2013 முதல் 'எதிர்க்காற்று மிதிவண்டிப் போட்டி' ஒன்றை அவர்கள் நடத்துகின்றனர். கடல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஊஸ்டர்ஸ்கெல்டு தடுப்பணையின்மீது, புயற்காற்று வீசும் நாளில் மட்டும், 8.5 கி.மீ. தூரம் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரியான, பற்சக்கர மாற்றமில்லாத சாதாரண வண்டி. மோட்டாருக்கு இடமே இல்லை.

பனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்லாந்தின் ஊலு நகரத்தில் குளிர்காலம் முழுவதும் மக்கள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள் என்றால், காரணம் வண்டியன்று. நகராட்சி காலையில் முதல் வேலையாகப் பாதையின் பனியை அகற்றுவதுதான். குளிர்கால மிதிவண்டி மாநாடு முதன்முதலில் 2013இல் அந்நகரில் கூடியது.

மெத்தை கட்டிய வண்டிகள்

மின்சார இருசக்கர வண்டியின் வரலாற்றில் சீனாவுக்கு நிகர் வேறு நாடு இல்லை. 1998இல் அங்கு விற்றவை ஏறத்தாழ 40 ஆயிரம். 2005இல் ஏறத்தாழ ஒரு கோடி. பல நகரங்கள் பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டுப்பாடு விதித்ததும், 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது மக்கள் பேருந்து நெரிசலுக்கு அஞ்சியதும் இந்த வளர்ச்சிக்குக் காரணங்கள். இன்று 35 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்நாட்டில் இருக்கின்றன.

அங்கே நான் கவனிக்கச் சொல்வது மோட்டாரையன்று, துணியை. வட சீனக் குளிரில் மிதிவண்டிக்காரருக்கு இல்லாத தொல்லை மின்வண்டிக்காரருக்கு உண்டு. மிதிப்பவர் உடல் தானே சூடேறும். மோட்டார் இழுக்க வாளாவிருப்பவர் உடல் சூடேறாது; வேகமோ கூடுதல், எதிர்க்காற்று வாட்டும். ஆக, மோட்டார் ஒரு வானிலைத் துன்பத்தைத் தீர்த்து மற்றொன்றைக் கொடுத்தது. இதற்கு மக்கள் கண்ட வழி, கைப்பிடியிலிருந்து முழங்கால்வரை மூடும் மெத்தை விரிப்பு. பஞ்சு வைத்துத் தைத்த அந்த விரிப்பினுள் கைகளை நுழைத்துக்கொண்டு, போர்வைக்குள் அமர்ந்தவர்போல் ஓட்டுகின்றனர். மழைக்கு, முன்விளக்கு தெரியும்படி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தைத்த பெரிய மழையங்கி. பின்னால் பிள்ளை அமர்ந்தால் இரண்டு தலைத் துளைகள் உள்ள மழையங்கி. தெற்கே வெயிலுக்கு வண்டியில் நட்ட குடை. காற்றில் வண்டியையே கவிழ்க்கும் என்பதால் பல நகரங்கள் குடையைத் தடுத்துவிட்டன. இவற்றில் எதையும் எந்த நிறுவனத்தின் பொறியாளரும் வண்டியோடு சேர்த்துத் தரவில்லை; தெருவோரக் கடைகளும் தையற்காரர்களும் தந்தவை.

குளிர் பேட்டரியையும் விடவில்லை. லிதியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழ் மின்னூட்டினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து கெடுதல் விளைவிக்கும். மழையும் திருட்டும் வேறு. ஆகவே பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் மின்னூட்டும் பழக்கம் எங்கும் பரவியது. அதனோடு தீயும் வந்தது. 2024 பிப்ரவரியில் நான்ஜிங் நகரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், மின்வண்டிகள் நிறுத்தியிருந்த கீழ்த்தளத்தில் மூண்ட தீ 15 உயிர்களைக் குடித்தது. சிங்கப்பூரிலும் 2019இல் புக்கிட் பாத்தோக் வீடொன்றில் மின்ஸ்கூட்டர்களால் ஏற்பட்ட தீயில் ஒருவர் மாண்டார். வண்டியை வெளியே விட்டால் மழை, உள்ளே வைத்தால் தீ என்ற இக்கட்டு இன்னும் தீரவில்லை. தரச்சான்று பெற்ற பேட்டரி வேண்டும் என்ற சட்டமெல்லாம் அதன் பின்னணியில் எழுந்தவை.

நம் மழை

நம் வானிலைக்கு வருவோம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மி.மீ. மழை, ஆண்டில் 170 நாட்கள் அளவுக்கு மழை நாட்கள். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் 'சுமத்திராக் காற்று'. மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை வீசும். வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் வேளையாகப் பார்த்து அது வருவதை நாம் அறிவோம்.

இவற்றோடு வெக்கை. நம் நாட்டில் மின்மோட்டாரின் உண்மையான வெற்றி இங்கேதான். தசை ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே மிதியைச் சேரும். மற்ற மூன்று பங்கும் வெப்பமாய் உடலில் தங்கும். 100 வாட்டு மிதிப்பவர் உடல் 300 வாட்டு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஈரம் நிறைந்த நம் காற்றில் வியர்வை உலராது. பாதிச் சுமையை மோட்டார் ஏற்றால் உடல் வெப்பமும் பாதியாகும். டச்சுக்காரருக்கு எதிர்க்காற்றில் கைகொடுக்கும் அதே மோட்டார் நமக்கு வெக்கையில் கைகொடுக்கிறது.

ஆனால் மழையில் மோட்டாரால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால் தீங்கே மிகுதி. வண்டி கனமானது, வேகம் கூடுதல், ஈரச் சாலையில் நிற்கும் தூரம் நீளும். சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடும் சாக்கடை இரும்பு மூடியும் வழுக்கும். பழைய ராலே, ஹம்பர் வண்டிகளை ஓட்டிய நம் பெரியோருக்குத் தெரியும்: பளபளக்கும் எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது, காலைத் தரையில் ஊன்றி நிறுத்தியவர் பலர். இன்றைய வண்டிகளில் வட்டுப் பிரேக் வந்து அக்குறையைப் பெரிதும் போக்கிவிட்டது. அது மோட்டாரின் வெற்றியன்று.

மழையையும் மிதிவண்டியையும் பற்றிப் பேசும்போது மலாயாத் தமிழர் மறக்கக்கூடாத மற்றொரு தொடர்பு இருக்கிறது. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்தன. 1888இல் ரிட்லி அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அதே 1888இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் உலகெங்கும் எழுந்த மிதிவண்டி வேட்கையும், தொடர்ந்து வந்த மோட்டார் காரும் ரப்பருக்குச் சந்தையைப் பெருக்கின. மலாயாக் காடுகள் கித்தாத் தோட்டங்களாயின. தமிழர் கப்பலேறி வந்தனர். காற்றடைத்த டயருக்கும் நம் முன்னோரின் வருகைக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு உண்டு.

(அந்த டயருக்கும் நம் வெயில் ஒத்துவரவில்லை என்பதற்கு ஒரு சான்று. 1941 டிசம்பரில், பருவமழைக் காலத்துக் கொந்தளிக்கும் கடல்வழி வந்திறங்கிய ஜப்பானியப் படை மிதிவண்டிகளில் தெற்கே விரைந்தது. சாலையின் வெப்பத்தில் டயர்கள் வெடித்தன. வீரர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். இரவில் அந்த இரும்பொலியைக் கேட்டு எதிர்ப்படையினர் டாங்கி வருகிறது என்று மிரண்டதாக அப்படையின் அதிகாரி சுஜி மசனோபு எழுதியிருக்கிறார்.)

என் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு அவரவர் நிரைக்குப் போவார்கள். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. தோட்டத் தொழிலாளர் மாதச் சம்பளம் கேட்டுப் பல்லாண்டுகள் போராடியதற்கு மழை நாட்களும் ஒரு காரணம். மழைக்கு ஒதுங்கி நின்ற அந்த நேரத்தின் நட்டம் தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டது.

இனி அந்த இளைஞரிடம் வருவோம். 2019 நவம்பர்த் தடைக்குப்பின் உணவு விநியோக ஓட்டுநர் பலர் மின்ஸ்கூட்டரை விட்டு மின்மிதிவண்டிக்கு மாறினர். மாற்றிக்கொள்ள அரசாங்கமும் நிறுவனங்களும் சேர்ந்து 70 இலட்சம் வெள்ளி நிதி ஒதுக்கின. மின்மிதிவண்டியோ சாலையிலும் சைக்கிள் பாதையிலும் மட்டுமே போகலாம், நடைபாதையில் போகக்கூடாது. நம் அரசாங்கம் 2013 முதல் 2018 வரை ரயில் நிலையங்களைச் சுற்றி 200 கி.மீ. கூரையிட்ட பாதைகளை அமைத்தது. உலகில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத நற்பணி அது. ஆனால் அக்கூரை நடப்பவருக்கு உரியது. மலேசியாவில் கூட்டரசு நெடுஞ்சாலையோரம் 1970களில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை போடப்பட்டது. மழை வந்தால் அதில் செல்வோர் பாலத்தடியில் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மின்மிதிவண்டிக்காரருக்கு அந்த இடமும் இல்லை. புளோக்கின் கீழ்த்தளமே அவர் ஒதுங்கும் இடம்.

ஒதுங்க இடம் இருந்தும் அவர் ஏன் நிற்கவில்லை என்பதுதானே வினா? அவருக்குக் கூலி, கொண்டுபோய்க் கொடுக்கும் பொட்டலத்துக்குத்தான்; மணிக்கன்று. மழை பெய்தால் நாம் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. ஆகவே அப்போதுதான் உணவுக் கட்டளைகள் பெருகுகின்றன. பாட்டன் காலத்தில் மழை வந்தால் வேலை நின்றது; இவர் காலத்தில் மழை வந்தால் வேலை கூடுகிறது. இரண்டிலும் நின்றவருக்குக் கூலி இல்லை. மோட்டார் இந்தக் கணக்கில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மழையில் அவரை இன்னும் சற்று வேகமாகப் போகச் செய்தது, அவ்வளவே. மாறியது சட்டத்தால்தான். 2025 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த தளத் தொழிலாளர் சட்டத்தின்படி, வேலையில் காயமுற்றால் இவர்களுக்கு இழப்பீட்டுக் காப்புறுதி உண்டு. ஈரச் சாலையில் வழுக்கி விழுந்தவர் தம் கைப்பணத்தில் வைத்தியம் பார்த்த நிலை அதனால் மாறியது.

முதல் வினாவையும் விட்டுவிடக்கூடாது. இவ்வண்டிகளின் பேட்டரி பெரும்பாலும் 36 வோல்ட்டு. சுவரிலுள்ள 230 வோல்ட்டு மின்சாரத்தைப்போல் அது மனிதரைத் தாக்காது. ஐரோப்பியத் தரவிதி, எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரை வண்டியின் மின்பகுதிகள் தாங்க வேண்டும் என்கிறது. சாதாரண மழைக்கு இது போதும். திடீர் வெள்ளத்தில் சக்கரக் குடமும் பேட்டரியும் மூழ்குவது வேறு செய்தி. உள்ளே புகுந்த நீர் உடனே ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். நாட்கள் கழித்து, துருவும் மின்கசிவுமாய் வெளிப்படும். நீரில் மூழ்கிய பேட்டரியைக் காய்ந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குள் மின்னூட்டுவதே மழையால் வரும் பேரிடர், ஷாக் அன்று.

இவ்வளவையும் அம்மாணவனுக்கு ஏற்ற அளவில் பின்னர்ச் சொன்னேன். சென்ற வாரம் காலை மழைக்குப்பின் வகுப்புக்கு வந்தவன், தன் புளோக்கின் கீழே மூன்று மின்மிதிவண்டிகள் ஒதுங்கி நின்றதாகச் சொன்னான். இருவர் பேசிக்கொண்டு நின்றார்களாம். மூன்றாமவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, மழைக்கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.